கடைசி சீசனில் பேயை விளக்குவது யார்?

ஹாரர் தொடர் எடுக்கிறவங்களுக்கு முதல் சீசன் ரொம்ப ஈஸி. மாடியில் ஒரு நிழல் போகும். பூட்டின அறைக்குள்ள சத்தம் கேட்கும். ஆள் இல்லாத ஊஞ்சல் ஆடும். பார்க்கிற நமக்கும் அப்போதைக்குக் கேள்வி போதும், பதில் தேவையில்லை. ஆனா அந்தக் கேள்வி ஒவ்வொன்றும் கடன். கடைசி சீசன் வரும்போது வட்டியோட கட்டியாகணும். பாதித் தொடர்கள் அங்கேதான் திவாலாகின்றன.

இந்தக் கட்டுரையில் இரண்டு தொடர்களின் முடிவை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று அமெரிக்காவின் 'பேட்ஸ் மோட்டல்', அதன் ஐந்தாவது, கடைசி சீசன். இன்னொன்று நம்ம அப்பா அம்மா தலைமுறை ராத்திரி லைட்டை அணைக்கப் பயந்துகொண்டே பார்த்த 'விடாது கருப்பு'. இரண்டுக்கும் ஸ்பாய்லர் உண்டு மக்களே. பார்க்காதவங்க பார்த்துட்டு வந்து படிங்க, கட்டுரை எங்கேயும் ஓடிப்போகாது.

முதலில், சைக்கலாஜிக்கல் ஹாரர் என்றால் என்ன? சாதாரண பேய்ப் படத்தில் பேய் வெளியில் இருக்கும். அதுக்கு ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு பழைய பகை இருக்கும். சைக்கலாஜிக்கல் ஹாரரில் பேய் இருக்கா இல்லையா என்பதே சந்தேகம், ஏன்னா பார்க்கிறவன் கண்ணையே நம்ப முடியாது. இன்ஸ்ட்ருமென்டேஷன் பசங்களுக்கு இது சட்டுன்னு புரியும். பைப்லைனில் பிரஷர் ஏறினால் அது ஒரு பிரச்சினை. பிரஷர் கேஜே தப்பாகக் காட்டினால் அது வேற பிரச்சினை. கேஜ் தப்பு என்று அந்தக் கேஜை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்தில் இன்னொரு கேஜ் வேண்டும். இந்த வகைக் கதைகளில் அந்த இரண்டாவது கேஜ் யார் என்று தேடிக்கொண்டே பாருங்க. முக்கால்வாசி டெக்னிக் அதிலேயே அடங்கிவிடும்.

நார்மன் வீட்டில் சமைப்பது யார்?

'பேட்ஸ் மோட்டல்' ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) படத்துக்கு முன்கதை மாதிரி ஆரம்பித்தது. அந்தப் படமே ராபர்ட் பிளாக் 1959-ல் எழுதிய நாவல்தான். நார்மன் பேட்ஸ் என்ற இளைஞன், அவன் நடத்தும் மோட்டல், மேட்டின் மேல் வீடு, வீட்டில் அம்மா. கடைசியில் தெரிவது, அம்மா செத்து வருஷக்கணக்காகிறது. அம்மாவாக மாறிக் கொலை செய்வது நார்மன்தான். அந்தக் குளியலறைக் காட்சிக்கு 78 கேமரா அமைப்புகள், 52 வெட்டுகள். எடிட்டிங் வகுப்பு எடுக்கிற யாரும் அதைத் தொடாமல் போக மாட்டாங்க.

ஆனா படத்தின் முடிவில் ஹிட்ச்காக் ஒன்று செய்தார். போலீஸ் அலுவலகத்தில் ஒரு மனநல மருத்துவர் வந்து நின்று, நார்மனுக்கு என்ன ஆச்சு, அம்மா எப்படி உள்ளே புகுந்தாள் என்று முழுசாக விளக்குகிறார். அறுபது வருஷமாக விமர்சகர்கள் அந்தக் காட்சியைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். என் கட்சியும் அதுதான். அவ்வளவு நேரம் நம்மை நடுங்க வைத்துவிட்டு, கடைசியில் வைவா கேள்விக்குப் பதில் சொல்ற மாதிரி ஒருத்தர் ஒப்பிக்கிறார். கடன் கட்டியாச்சு, ரசீதும் கொடுத்தாச்சு. ஆனா பயம் போயிடுச்சு. நல்ல வேளை, அதுக்கப்புறம் நார்மன் தனியாக உட்கார்ந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கிற ஒரு ஷாட் இருக்கு. படத்தைக் காப்பாற்றுவது அதுதான்.

தொடரை உருவாக்கிய கார்ல்டன் கியூஸ், கெர்ரி எரின் குழுவுக்கு இதில் ஒரு பெரிய சிக்கல். 2013-ல் தொடர் ஆரம்பிக்கும்போதே உலகத்துக்கே முடிவு தெரியும். அம்மா சாவாள், நார்மன் அவளாக மாறுவான். சஸ்பென்ஸே இல்லாத சஸ்பென்ஸ் தொடரை ஐந்து சீசன், ஐம்பது எபிசோடு ஓட்டணும். அவங்க எடுத்த முடிவு என்னன்னா, 'என்ன நடந்தது' என்ற கேள்வியை விட்டுவிட்டு, 'அவனுக்கு உள்ளேயிருந்து அது எப்படி இருக்கும்' என்ற கேள்வியைப் பிடித்தார்கள்.

நான்காவது சீசனிலேயே அம்மா நார்மா இறந்துவிடுகிறாள். ஐந்தாவது சீசன் 2017 பிப்ரவரியில் தொடங்கும்போது கதையில் இரண்டு வருஷம் ஓடியிருக்கிறது. முதல் காட்சிகளில் வீட்டில் நார்மா சமைக்கிறாள், பேசுகிறாள், திட்டுகிறாள், சிரிக்கிறாள். வெரா ஃபார்மிகா முன்பு நடித்த அதே சகஜத்தோடு நடிக்கிறார். லைட்டிங்கில் மாற்றம் இல்லை, மங்கலான மூடுபனி இல்லை, எதிரொலிக்கிற குரல் இல்லை. வழக்கமாக 'இது கற்பனை' என்று நமக்குச் சொல்கிற எந்தச் சைகையும் இல்லை. அம்மா செத்த மாதிரி நடித்துவிட்டு வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறாள் என்று நார்மன் தனக்கே ஒரு கதை சொல்லி வைத்திருக்கிறான். அதனால் அவள் வெளியே வராததற்கும் அவனிடம் காரணம் இருக்கிறது. லாஜிக் பக்கா.

இப்போ இரண்டாவது கேஜைத் தேடுங்க. மூன்றாவது ஆள் ஒருத்தர் அறைக்குள் வந்ததும் என்ன ஆகிறது? அவர் நார்மாவுக்குப் பதில் சொல்கிறாரா? சீசன் முழுக்க இந்தக் கணக்கு சுத்தமாக இருக்கிறது. அடுத்தவர் கண்ணில் அந்த வீடு காட்டப்படும்போதுதான் குப்பை, அழுக்கு, இருட்டு தெரிகிறது. நார்மன் கண்ணில் மேஜை மேல் சுடச்சுட சாப்பாடு. ஒரே செட், இரண்டு ரீடிங்.

'சைக்கோ'வில் குளியலறையில் கொல்லப்படும் மேரியன் கிரேன் பாத்திரத்துக்கு இந்த சீசனில் பாடகி ரிஹானா வந்தார். ஆறாவது எபிசோடு. எல்லாரும் அந்தக் காட்சிக்காகக் காத்திருந்தார்கள். அவள் குளிக்கிறாள், தண்ணீர் விழுகிறது, கேமரா அதே கோணம். திரை விலகுகிறது, யாரும் இல்லை. அவள் குளித்து முடித்து வெளியே வந்து, காரை எடுத்துக்கொண்டு உயிரோடு போய்விடுகிறாள். பிறகு அதே குளியலறையில் செத்தது அவளை ஏமாற்றிய சாம் லூமிஸ். அதைவிட முக்கியமானது, இந்தக் கொலையை அம்மா வேஷத்தில் செய்யவில்லை. நார்மன் நார்மனாகவே நின்று செய்கிறான். 57 வருஷத்துப் பழைய விடைத்தாளை எடுத்து, விடையை மாற்றி எழுதிய தைரியம் அது. அதுக்குப் பிறகு, அவனே போலீஸுக்குப் போன் செய்து ஒப்புக்கொள்ளப் பார்க்கிறான். உள்ளே இருக்கிற அம்மா விடமாட்டேன் என்கிறாள். ஃப்ரெடி ஹைமோர் ஒரே முகத்தில் இரண்டு பேராக மல்லுக்கட்டுகிற காட்சிகள் அவை. டப்பிங் இல்லாமல் ஒரிஜினல் குரலில் பாருங்க.

2017 ஏப்ரல் 24 அன்று கடைசி எபிசோடு. நார்மன் அம்மாவின் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்துவிட்டு, அண்ணன் டிலனை இரவு விருந்துக்கு அழைக்கிறான். டிலன் வருகிறான். பையில் துப்பாக்கி, வாயில் கெஞ்சல். உனக்கு உதவி தேவை, அம்மா செத்துட்டாங்க என்று சொல்லிப் பார்க்கிறான். நார்மன் கத்தியோடு அவனை நோக்கி ஓடுகிறான். டிலன் சுடுகிறான். சாகும்போது நார்மன் நன்றி சொல்கிறான்.

விளக்க யாரும் வரவில்லை. மருத்துவர் இல்லை, சொற்பொழிவு இல்லை. கலையாகப் பார்த்தால் 'சைக்கோ'வின் முடிவைவிட இது பல மடங்கு மேல். ஆனா எனக்கு ஒரு உறுத்தல் இருக்கு. அதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்றேன்.

தோட்டக்காரமங்கலத்துக் குதிரை

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, நாகா இயக்கம், இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து: 'மர்மதேசம்'. 'ரகசியம்', 'விடாது கருப்பு', 'சொர்ண ரேகை', 'இயந்திரப் பறவை', 'எதுவும் நடக்கும்' என்று ஐந்து தனிக்கதைகள். சீசன் என்ற சொல்லே அப்போ நமக்குப் பழக்கம் இல்லை, ஆனா இன்றைக்கு நாம் ஆந்தாலஜி என்று சொல்றது அதுதான். ஒவ்வொரு கதையும் தன் கடனைத் தானே கட்டி முடிக்கணும். அடுத்த சீசனில் பார்த்துக்கலாம் என்று தள்ளிப்போட முடியாது.

'விடாது கருப்பு' 1997-98-ல் ஓடியது. இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்த அதே காலம். முதல் சாண்ட்ரோ 1998-ல்தான் வெளியே வந்தது. ஒரு பக்கம் ரோபோ கை வெல்டிங் பண்ண ஆரம்பிக்குது, இன்னொரு பக்கம் வீட்டு டிவியில் கருப்பசாமி அரிவாளோடு குதிரையில் வருகிறார். அந்த ஷிஃப்டில் வேலைக்குச் சேர்ந்தவங்களே வாரம் ஒருமுறை ராத்திரி உட்கார்ந்து அதையும் பார்த்திருப்பாங்க. இரண்டும் ஒரே தமிழ்நாடுதான்.

கதை தோட்டக்காரமங்கலம் என்ற கிராமத்தில். அங்கே காவல் தெய்வம் கருப்பு. தப்பு செய்தவன் தப்ப முடியாது, கருப்பு விடாது. ஒவ்வொருத்தராகச் சாகிறார்கள். ஊர் நம்புகிறது. ஒரகடம் பக்கம் நமக்கு முனீஸ்வரனும் பொன்னியம்மனும்தான் அதிகம் காதில் விழுகிற பெயர்கள். ஆனா ஹாஸ்டலில் மதுரை, சிவகங்கை, ராமநாதபுரத்துப் பசங்க இருந்தால் கேட்டுப் பாருங்க, கருப்பு பெயரைச் சொல்லும்போது அவங்க குரல் மாறும். பதினெட்டாம்படிக் கருப்பு முன்னாடி பொய்ச் சத்தியம் செய்ய இன்றைக்கும் ஆள் யோசிப்பாங்க. அது சினிமா உருவாக்கின பயம் இல்லை. தொடர் அந்தப் பயத்தைக் கடனாக எடுத்துக்கொண்டது.

நாகா செய்த முக்கியமான வேலை கதையை இரண்டு காலத்தில் ஒரே நேரத்தில் ஓட்டியது. ஒன்றில் ராஜேந்திரன் என்ற சிறுவன் அந்தக் கிராமத்தில் வளர்கிறான். இன்னொன்றில் வளர்ந்தவர்கள், கொலைகள், விசாரணை. இது பிளாஷ்பேக், அது நிகழ்காலம் என்று தனியாகக் கோடு போட்டுக் காட்டாமல், இரண்டு தண்டவாளமாக அருகருகே ஓடுகிறது. இரண்டும் சேர்கிற இடத்தில்தான் பதில். பேய்க்கதை பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்த பார்வையாளர், தான் பார்த்தது ஒரு குழந்தையின் மனசு உடைகிற கதை என்று கடைசியில் புரிந்துகொள்கிறார். கருப்பாக மாறுவது ராஜேந்திரன். அவனுக்கே அது தெரியாது. ஒரே உடம்பில் இன்னொரு ஆள்.

1997-ல் தமிழ் வீடுகளுக்குள் 'ஸ்ப்ளிட் பர்சனாலிட்டி' என்ற விஷயத்தைச் சோறு சாப்பிடுகிற நேரத்தில் கொண்டு போய் வைத்தது சின்ன வேலை இல்லை. சினிமா அந்த ரூட்டைப் பெரிசாகப் பிடித்தது 2005-ல். ஏப்ரலில் 'சந்திரமுகி', ஜூனில் 'அந்நியன்'. இரண்டே மாத இடைவெளியில் இரண்டு பிளாக்பஸ்டர், இரண்டிலும் ஒரே நோய். 'சந்திரமுகி'யில் மருத்துவரே ஹீரோ. அவரே நீளமாக விளக்கி, சுழலும் பலகையில் தனக்குப் பதில் பொம்மையை வைத்து வைத்தியமும் பார்த்துவிடுகிறார். மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் பங்களிப்போடு நடந்த ஒரே மனநல சிகிச்சை அதுவாகத்தான் இருக்கும். 'அந்நியன்' சிகிச்சையெல்லாம் முடிந்தபிறகும், கடைசியில் ஓடுகிற ரயிலிலிருந்து ஒருத்தனைத் தள்ளிவிட்டு நம்ம கைதட்டலை வாங்கிக்கொண்டு போனது. அங்கே விளக்கமே ஒரு சாக்கு.

இவற்றோடு ஒப்பிட்டால் 'விடாது கருப்பு' தரமான இடத்தில் நிற்பதற்குக் காரணம், அது நோயைக் காரணமாகச் சொன்னபோதும் ஊரின் நம்பிக்கையைக் கேலி செய்யவில்லை. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்தின் குணமே அது. அறிவியல் கதவையும் திறந்து வைப்பார், சாமி கதவையும் சாத்த மாட்டார். 2024 நவம்பரில் அவர் மறைந்தபோது, தொண்ணூறுகளில் பிள்ளைகளாக இருந்தவங்க எல்லாம் எழுதியது கருப்புக் குதிரையைப் பற்றித்தான். இரண்டு கதவையும் திறந்து வைப்பது சாமர்த்தியமா, நழுவலா என்று எங்க குழுவில் ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. நான் சாமர்த்தியம் கட்சி.

மருத்துவப் புத்தகம் சொல்வது

இப்போ அந்த உறுத்தலுக்கு வரலாம்.

படங்களில் 'ஸ்ப்ளிட் பர்சனாலிட்டி' என்று சொல்வதன் மருத்துவப் பெயர் 1980-ல் அமெரிக்க வகைப்பாட்டு நூலில் 'மல்டிபிள் பர்சனாலிட்டி டிஸார்டர்' என்று வந்தது. 1994-ல் அதை 'டிஸோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸார்டர்' என்று மாற்றினார்கள். பெயரை மாற்றியதில் விஷயம் இருக்கு. ஒருத்தருக்குள் பல பேர் வந்து குடியேறுவது என்பதைவிட, ஒரே ஆளின் நினைவும் அடையாளமும் ஒன்றாகச் சேர முடியாமல் துண்டாகப் போவது என்ற புரிதல் அது. பெரும்பாலும் சின்ன வயசில் பட்ட கொடுமையோடு சேர்த்துப் பேசப்படுகிறது. இது ஸ்கிட்சோஃப்ரீனியா இல்லை. இரண்டையும் சினிமா ஒன்றாகக் குழப்பிவிட்டது, நாமும் குரூப் சாட்டில் குழப்பிக்கொண்டிருக்கிறோம்.

2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் இன்னொரு மாற்றம்: இந்த நிலை சில கலாச்சாரங்களில் 'உடம்பில் ஏதோ புகுந்துவிட்ட அனுபவம்' என்றும் சொல்லப்படலாம் என்று சேர்த்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டிலும் ஆட்கொள்ளல் நிலைக்கு என்று தனிப் பெயர் உண்டு. ஆனா இரண்டிலும் ஒரு முக்கியமான நிபந்தனை. ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட வழிபாட்டின் பகுதியாக, அதற்குரிய நேரத்தில் நடந்து முடிகிற ஆட்டம் நோய் ஆகாது. அதாவது திருவிழாவில் சாமியாடுகிற உங்க பெரியப்பா நோயாளி கிடையாது. உடுக்கை நின்றதும் அவர் தண்ணி குடிச்சுட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். கட்டுப்பாடில்லாமல், விருப்பமில்லாமல் வந்து, படிப்பையும் வேலையையும் உறவையும் குலைக்கிறபோதுதான் அது மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். இந்த ஒரு கோட்டை எந்தத் தமிழ்ப் படமும் சரியாகப் போட்டுக் காட்டவில்லை என்பது என் வருத்தம்.

இன்னொன்று. இந்த நோய் வந்த ஆள் கொலைகாரன் ஆவான் என்பது திரைக்கதைக்காரர்களின் கண்டுபிடிப்பு. நார்மன், ராஜேந்திரன், அம்பி, எல்லாரும் கொல்கிறார்கள், ஏன்னா கொலை இல்லாமல் ஹாரர் ஓடாது. நிஜத்தில் இவர்கள் அடுத்தவருக்கு ஆபத்தாக இருப்பதைவிடத் தங்களுக்கே ஆபத்தாக இருப்பதுதான் பெரிய கவலை.

சினிமாவில் யார் வந்து விளக்குகிறார்கள் என்பது ரசனை விஷயம். வெளியில் அது உயிர் விஷயம். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் பாதித்தவர்களை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களில் பலரைத் தர்காவில் குணமாகும் என்று நம்பி வீட்டுக்காரர்களே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். நம்பிக்கை கொல்லவில்லை, சங்கிலி கொன்றது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, அங்கிருந்த அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன. பிற்பாடு அதே ஏர்வாடியில் தர்காவோடு சேர்ந்தே மனநல மருத்துவர்கள் உட்கார்ந்து பார்க்கிற ஏற்பாடு வந்தது. ஒரு பக்கம் துஆ, ஒரு பக்கம் மருந்து. இரண்டு கதவும் திறந்து இருப்பது நிஜத்திலும் வேலை செய்யும் போல.

மனநலம் பாதித்தவரை எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லும் மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்த நாள் 2017 ஏப்ரல் 7. 'பேட்ஸ் மோட்டல்' முடிந்தது அதே மாதம் 24. தற்செயல்தான். ஆனா என் உறுத்தல் அங்கேதான் இருக்கு. நார்மனுக்கு விடுதலை என்று அந்தக் கடைசி எபிசோடு காட்டுவது துப்பாக்கிக் குண்டு. டிலன் மனசில் ஆஸ்பத்திரி என்ற யோசனை இருக்கிறது, ஆனா கதை அதற்கு வழி விடவில்லை. அவ்வளவு அழகாக எடுத்த ஒரு மரணத்தைப் பார்க்கும்போது, 'இவனுக்கு இதுதான் நல்லது' என்று நம்மையே ஒரு கணம் நினைக்க வைத்துவிடுகிறார்கள். அந்தக் கணத்தை நான் சந்தேகப்படுகிறேன். விளக்க வந்த மருத்துவரை 1960-ல் கேலி செய்த நாம், அவர் இல்லாத வீட்டில் என்ன நடக்கிறது என்று 2017-ல் பார்த்தோம்.

நம்ம ஊரில் 'கீழ்ப்பாக்கம்' என்ற சொல்லே ஒரு வசவு. 1794-ல் வேர் கொண்ட ஒரு மருத்துவமனை அது. அங்கே தினமும் வெளிநோயாளிகள் பஸ் ஏறி வந்து, மாத்திரை வாங்கிக்கொண்டு, வேலைக்குத் திரும்பிப் போகிறார்கள். இதைக் காட்டின ஒரு காட்சி காமெடி டிராக்குக்கு வெளியே எனக்கு ஞாபகத்தில் இல்லை.

ஷிஃப்டில் வரும் பேய்

இதெல்லாம் நமக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கிற கோர் பிராஞ்ச் நண்பர்களுக்கு இந்தப் பகுதி.

மலேசியாவின் சுங்கை வேயில் ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் ஆலை. 1978-ல், மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்துக்கொண்டே வேலை செய்யும் பெண்கள் சுமார் 120 பேருக்கு ஆவி பிடித்தது. கத்தினார்கள், திமிறினார்கள், லைனில் விழுந்தார்கள். ஆலையை மூன்று நாள் மூடி, மந்திரவாதியைக் கூப்பிட்டு, வளாகத்துக்குள்ளேயே ஆடு வெட்டினார்கள். ஐஹ்வா ஓங் என்ற மானுடவியலாளர் இந்தச் சம்பவங்களைப் படித்து 1987-ல் ஒரு புத்தகமே எழுதினார். கம்பத்திலிருந்து முதல்முறையாக வெளியே வந்த இளம்பெண்கள், கண்ணெரியும் வேலை, மாறி மாறி வரும் ஷிஃப்ட், பாத்ரூம் போகவும் அனுமதி, மேலே ஆண் சூப்பர்வைசர். வாய்விட்டுச் சொல்ல முடியாததை உடம்பு அந்த ஊருக்குத் தெரிந்த ஒரே மொழியில் சொன்னது என்பது அவர் வாசிப்பு. ஆலை டாக்டர்கள் 'மாஸ் ஹிஸ்டீரியா' என்று எழுதி ஃபைலை மூடினார்கள். ஆடு வெட்டியதும் வேலை திரும்ப ஆரம்பித்தது. லைன் ஸ்பீடு அதே ஸ்பீடு.

சுங்குவார்சத்திரம் பக்கம் ராத்திரி பத்து மணிக்கு ரோட்டோரம் நின்று பாருங்க. கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்குகிற பெண்கள் பலருக்கு வயசு நம்ம வயசுதான். இந்த நாற்பது வருஷத்துப் பழைய ஆராய்ச்சியை அவர்களை நினைக்காமல் என்னால் படிக்க முடியவில்லை.

நானும் இன்டர்ன்ஷிப் போன இடத்தில் ஒரு பேய்க்கதை கேட்டேன். கம்ப்ரசர் ரூம் பக்கம் நைட் ஷிஃப்டில் தனியா போகாதே தம்பி, யாரோ பின்னாடி நிக்கிற மாதிரி இருக்கும் என்றார் ஒரு ஆபரேட்டர் அண்ணன். சிரிக்காதீங்க. இதே மாதிரி ஒரு கதைக்கு இங்கிலாந்தில் ஒரு இன்ஜினியர் விளக்கம் தேடியிருக்கார்.

கோவென்ட்ரியில் மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு ஆய்வகம். அங்கே வேலை பார்த்த விக் டேண்டி என்ற இன்ஜினியர் ஒருநாள் ராத்திரி தனியாக இருக்கும்போது, உடம்பு சில்லிட்டு, ஓரக்கண்ணில் சாம்பல் நிறத்தில் ஒரு உருவம் தெரிந்தது. திரும்பினால் இல்லை. மறுநாள் தன் வாள்வீச்சுப் போட்டிக்கான வாளை வைஸில் மாட்டினார். கத்தி தானாகவே அதிர ஆரம்பித்தது. பயந்து ஓடாமல், வாளை அறைக்குள் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். அறையின் நடுவில் அதிர்வு அதிகம், ஓரத்தில் இல்லை. உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும்: ஸ்டாண்டிங் வேவ். புதிதாக மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன் சுமார் 19 ஹெர்ட்ஸில் காற்றை அதிர வைத்துக்கொண்டிருந்தது. நாம் கேட்கும் எல்லை 20 ஹெர்ட்ஸ், அதனால் காதில் விழாது. ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்று வைத்தால் அலைநீளம் 18 மீட்டர், அரை அலை 9 மீட்டர். கிட்டத்தட்ட அந்த ஆய்வகத்தின் நீளம். ஃபேன் பொருத்தியிருந்த விதத்தை மாற்றினார்கள், உருவம் வரவில்லை. 1998-ல் சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

எல்லாப் பேய்க்கும் எக்ஸாஸ்ட் ஃபேன்தான் காரணம் என்று கிளம்பிவிடாதீங்க. காதில் விழாத ஒலி மனிதனுக்கு உருவம் காட்டுமா என்பதே இன்னும் விவாதத்தில்தான் இருக்கு. எனக்குப் பிடித்தது அந்த வாள். அவர் தன் கண்ணை மட்டும் நம்பவும் இல்லை, தன்னைப் பைத்தியம் என்று முடிவு கட்டவும் இல்லை. இரண்டாவது கேஜ் ஒன்றை வைத்துப் பார்த்தார். நார்மன் வீட்டில் அது இல்லை. சுங்கை வேயில் அதை யாரும் வைக்கவே இல்லை. அந்தப் பெண்களிடம் ஒரு ஷிஃப்ட் எத்தனை மணி நேரம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கிறீங்க என்று கேட்டிருந்தாலே பாதி ரீடிங் வந்திருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். 'பேட்ஸ் மோட்டல்' ஐந்தாவது சீசனின் முதல் எபிசோடை இந்த வார இறுதியில் பார்க்கிறவங்க ஒரு நோட்டை எடுத்துக்கோங்க. நார்மா வரும் ஒவ்வொரு காட்சியிலும் மூன்று விஷயம் குறிங்க: அறையில் வேறு யார் இருக்கிறார்கள், அவளோடு பேசுகிறார்களா, அவள் தொட்ட பொருள் அடுத்த ஷாட்டில் எங்கே இருக்கிறது. 'விடாது கருப்பு' பார்க்கிறவங்க, சிறுவன் ராஜேந்திரன் வரும் காட்சியும் அடுத்து வரும் கொலையும் எந்த ஒலியால், எந்தப் பொருளால் இணைக்கப்படுகிறது என்று குறிங்க. நோட்டை எங்க குழுவுக்கு அனுப்பினால் அடுத்த இதழில் அட்டவணையாகப் போடுகிறோம்.

ரூம்மேட் யாராவது மூன்று நாளாகத் தூங்காமல், யாரோ பேசுகிற மாதிரி கேட்குது என்று சொன்னால் அவனைக் கலாய்க்கவும் வேண்டாம், நீங்களே சந்திரமுகி டாக்டர் ஆகவும் வேண்டாம். 14416. டெலிமானஸ், 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய இலவச மனநல உதவி எண். 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். நைட் ஷிஃப்ட் முடிந்து விடிகாலை நாலு மணிக்குப் போட்டாலும் எடுப்பாங்க.